மூன்று மீட்டர் செம்பு

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலுக்கு வார இறுதியில் போனால், பழைய எல்.பி. தட்டுகளைப் பரப்பி வைத்து விற்பவர்களையும் உயர்ரக ஒலிச்சாதனக் கடைகளையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற ஒரு ஜோடி கேபிள் மட்டும் பல ஆயிரம் வெள்ளி என்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம். 2025 முதல் நம் நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஜெஞ்சாரோமில் வளர்ந்த எனக்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"காது இருக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும்" என்பார்கள். காது எனக்கும் இருக்கிறது. கூடவே ஒரு மின்பொறியியல் பட்டமும் இருக்கிறது, உள்ளூர்ப் பட்டம்தான், பி.டி.பி.டி.என். கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கேபிளில் செம்பு எவ்வளவு தூய்மை என்று பார்த்து விலை கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனபோது, அந்தக் கதை நம் தீபகற்பத்துக் காட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இங்குள்ள காடுகளில் கட்டாபெர்ச்சா என்றொரு மரம் இருந்தது. அதன் பால் வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் அதில் பாராங் கத்திக்குப் பிடி போட்டார்கள். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கொமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். மின்சாரத்தைக் கசியவிடாது, கடல்நீரில் கெடாது என்று தெரிந்ததும் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறையானது. 1851இல் ஆங்கிலக் கால்வாயில் போட்ட கம்பிக்கும் 1858இல் அட்லாண்டிக்கில் போட்ட கம்பிக்கும் இந்தப் பக்கத்துக் காட்டு மரங்களின் பால்தான். பால்மரத்தைப் போல தினமும் கீறிப் பால் எடுக்கும் வேலை இல்லை இது. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பல இடங்களில் அந்த மரமே அரிதாகிவிட்டது. ரப்பருக்காக நம்மவர்கள் பெருந்தொகையாகக் கப்பலேறி வந்தது அதற்குப் பிந்திய கதை.

அந்த அட்லாண்டிக் கம்பியில்தான் செம்பின் தூய்மை முதன்முதலாகப் பெரிய பிரச்சினையானது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர்பெற்ற வில்லியம் தாம்சன், 1857இல் வெவ்வேறு ஆலைகளின் செம்புக் கம்பிகளை அளந்து பார்த்தார். செம்பு என்று விற்கப்பட்டவையே ஒன்றுக்கொன்று மின்கடத்தலில் பெரிய அளவில் வேறுபட்டன. 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கம்பியில் அந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. 1858இல் போட்ட கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போனது. நிலையான தொடர்பு 1866இல்தான் கிடைத்தது. தாம்சன் சொன்னது சரி.

இப்போது நம் வீட்டு ஹாலுக்கு வருவோம். 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்பு வயர், ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவது. 3 மீட்டர் தூரம் என்றால் போக, வர 6 மீட்டர். மின்தடை ஏறக்குறைய 0.04 ஓம். ஸ்பீக்கரின் தடை 8 ஓம். ஆக வயரில் இழப்பது மின்னழுத்தத்தில் அரை சதவீதம். டெசிபலில் 0.04. எந்த மனிதக் காதுக்கும் இது எட்டாது. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு எழுதிய மருந்துச்சீட்டை யாரோ நம் ஹாலுக்கு எடுத்து வந்து காசு கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

"கணக்குல வராதது காதுல கேக்கும்" என்பது அடுத்த வாதம். அதையும் சோதித்திருக்கிறார்கள். ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரு முறை கண்ணுக்குத் தெரியும்படி, ஒரு முறை திரைக்குப் பின்னால். கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பெண் வேறு, திரைக்கு அப்பால் கேட்டுப் போட்டது வேறு. 2007இல் மேயரும் மோரனும் உயர்தரப் பதிவையும் அதையே சி.டி. தரத்துக்குக் குறைத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே கணக்குத்தான்.

அதற்காக எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். திரைக்குப் பின்னால் வைத்தாலும் நல்ல ஸ்பீக்கரை மக்கள் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் டூலின் ஆய்வுகளில் வந்ததுதான். ஸ்பீக்கருக்கும் அது இருக்கிற அறைக்கும் செலவழிக்கலாம். தகரக் கூரையில் மழை விழுகிற வீட்டில் மட்டும் எந்தச் சாதனமும் ஜெயிக்காது.

எங்கே காசு உண்மையிலேயே வேலை செய்தது என்று நம் வரலாற்றில் பார்த்தால், அது கருவியே இல்லாத இடத்தில் கருவி வந்தபோதுதான். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜெஞ்சாரோம் போன்ற புதுக்கிராமங்கள் முள்வேலிக்குள் எழும்பின. கம்யூனிஸ்டு எதிர்ப்புப் பிரச்சாரத்துக்காக அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. தாத்தா காலத்து ஆட்கள் நினைவு வைத்திருப்பது அந்தப் பிரச்சாரத்தை அல்ல, பாட்டை. மத்திய அலையில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் உருப்படியாக வராது. மழை, இடி, இரைச்சல் வேறு. ஆனால் ஒன்றுமில்லாததற்கும் அந்தப் பெட்டிக்கும் இடையில் இருந்த தூரத்தை இன்று எந்த லட்ச வெள்ளி செட்டும் தாண்டித் தராது.

பிறகு கேசட் காலம். 1978இல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள்தான் தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் திரைப்பாடல்கள் என்று சொல்வார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் படமாக்கிய படம், சுஜாதா கதை (அவரும் நம்மாளு, எஞ்சினியர்). ஆனால் தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர்ந்தது எது? பசார் மாலாமில் விற்ற டூப்ளிகேட் கேசட். நகலின் நகல், அதன் நகல். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் ஏறும், மேல் சுருதிகள் தேயும். அந்தப் பாட்டை உயர்ரக செட்டில் போட்டால் என்ன கிடைக்கும்? இரைச்சல் ரொம்பத் தெளிவாகக் கேட்கும்.

இதைத்தான் என் நண்பர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். நம் பாட்டில் குறை இருப்பது சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இல்லை, முதல் கண்ணியில். மூல நாடா எங்கே, யார் வீட்டு அலமாரியில், பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்குப் பத்துக் காசு செலவழிக்க ஆளில்லை. கேபிளுக்கு ஆள் இருக்கிறது. ரேடியோ 6 காலத்தில் வீட்டில் வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்த கேசட்டுகள் கிள்ளானிலும் பந்திங்கிலும் இன்னும் எத்தனையோ பெட்டிகளில் கிடக்கின்றன. உள்ளூர்ப் பாடகர்களின் குரல் சிலருக்கு அங்கே மட்டும்தான் மிச்சம்.

அவற்றைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். கேசட் டெக்கில் ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பதிவு செய்த டெக்கின் ஹெட் இருந்த கோணமும் உங்கள் டெக்கின் ஹெட் இருக்கும் கோணமும் ஒத்துப்போகவில்லை என்றால் மேல் சுருதிகள் அடைத்துப்போய், போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஸ்க்ரூவை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கால் சுற்றுகூட வேண்டாம். ஓரிடத்தில் ஜால்ரா சட்டென்று திறந்துகொள்ளும். அங்கே நிறுத்திவிட்டுப் பதிவை ஆரம்பிக்கலாம்.