கேட்கக் கூடாத கேள்வி

சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடை. ஒரு கோடை மாலையில் அங்கே பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கடை டெலிவிஷனில் ஐ.பி.எல். பந்தயம் நடந்துகொண்டிருந்தது. தொழிற்சாலைச் சீருடையில் நாலைந்து பையன்கள். ஓரமாக இரண்டு பெண்கள். அவர்களில் சின்னவள், "அண்ணா, காலில பட்டதுக்கு எதுக்கு அவுட்டு குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பஸ் வருதா பாரு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலை குனிந்து டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2003-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அதற்கு முன்பெல்லாம் விளையாட்டைப் பற்றிப் பேச வருகிறவர் விஷயம் தெரிந்த ஆண் பிள்ளையாகத்தான் இருப்பார். தூர்தர்ஷனில் டாக்டர் நரோத்தம் புரி வருவார். காது மூக்குத் தொண்டை வைத்தியர். அவர் பேச்சும் இங்கிலீஷில். தமிழ் வேண்டுமென்றால் வானொலிதான் கதி. சேப்பாக்கத்தில் டெஸ்ட் பந்தயம் என்றால் டெலிவிஷனின் வாயை அடைத்துவிட்டு, அப்துல் ஜப்பாரின் வர்ணனையை டிரான்ஸிஸ்டரில் கேட்ட வீடுகள் எத்தனையோ. படம் ஓரிடம், குரல் ஓரிடம்!

2003 உலகக் கோப்பையை ஒளிபரப்பிய சோனி, வீட்டுப் பெண்களையும் பார்க்கவைக்க ஆசைப்பட்டது. 1994-இல் 'சாந்தி' தொடரில் நடித்துப் புகழ் பெற்ற மந்திரா பேடியைச் சாரு சர்மாவுடன் தொகுப்பாளராக உட்காரவைத்தது. பழைய ஆட்டக்காரர்களுக்கு நடுவே அமர்ந்து, வீட்டில் ஒரு பெண் என்ன கேட்பாளோ அதை அவர் கேட்டார். தேசமே சிரித்தது. கேள்வியைவிட அவருடைய புடவையையும் ரவிக்கையையும் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். தம் கேள்விகளைச் சில ஆட்டக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை என்று பிற்காலத்தில் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லை. 2007 உலகக் கோப்பைக்கும் அவர் வந்தார்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த வருஷம் ஒருநாள் என் அக்கா, "எல்.பி.டபிள்யூ. என்றால் என்னடா?" என்று கேட்டாள். "நீ என்ன மந்திரா பேடியா?" என்றேன். அப்புறம் அவள் கிரிக்கெட்டைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த விதி அன்று எனக்கும் அரைகுறைதான். சிரிப்பு எவ்வளவு வசதியான திரை, பாருங்கள்!

பின்னர் பெண் தொகுப்பாளர்கள் பலர் வந்தார்கள். 2017-இல் ஸ்டார் நிறுவனம் தமிழுக்கென்றே ஒரு விளையாட்டுச் சானல் தொடங்கியது. பாவனா பாலகிருஷ்ணன் போன்றவர்கள் அதில் தமிழிலேயே கேள்வி கேட்டார்கள். படமும் குரலும் ஒருவாறு ஒன்று சேர்ந்தன.

இந்த வட்டாரத்துக்கும் அதில் பங்கு உண்டு. சாம்சங் கம்பெனி 2007-இல் இங்கே டெலிவிஷன் பெட்டி செய்யத் தொடங்கியது. நம் வீட்டுக் கூடத்தில் பேசுகிற பெட்டி இந்த ஊர்க் கைகள் பூட்டியதாகவும் இருக்கலாம். அதற்கும் வெகு முன்னால், 1017-இல், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒருவர், தமக்கு இரகசியமாகச் சொல்லப்பட்டதைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி ஊருக்கெல்லாம் சொன்னார் என்பது ஐதீகம். கிரிக்கெட்டை மந்திரத்தோடு சேர்க்கிறானே என்று பெரியவர்கள் கோபிக்க வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் பொத்தி வைத்துக்கொள்ளும் வழக்கம் சின்ன விஷயங்களிலும் உண்டு என்றுதான் சொல்கிறேன்.

டீக்கடைக்கு வருகிறேன். இடைவேளையில் திரையில் ஒரு தொகுப்பாளினி தோன்றி, "பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியிருந்தால்?" என்று கேட்டாள். பழைய ஆட்டக்காரர் நிதானமாக விளக்கினார்: அப்படிக் குத்தினால் அவுட் இல்லை, இது நேர்க்கோட்டில் குத்தி, ஸ்டம்பை நோக்கி வந்த பந்து, கால் குறுக்கே வந்து தடுத்துவிட்டது.

பையன்கள் வாயைத் திறக்காமல் கேட்டார்கள். கேட்ட முறையிலேயே தெரிந்தது, அவர்களும் அதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள் என்று. அந்தப் பெண்ணும் தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. விளக்கம் முடியும்வரை அவள் நகரவில்லை.

இரவு அக்காவுக்குப் போன் செய்தேன்.