பழையவை கூடின் புதுமையாமோ?

புதியதொரு பொருளை ஆக்கியவனுக்கு அரசாங்கம் சில ஆண்டுகளுக்கு வழங்கும் தனியுரிமையைக் காப்புரிமை என்கிறோம். அதனை நாடி வருபவன் எதிர்கொள்ளும் வினாக்களுள் மிகக் கடினமானது ஒன்றுண்டு. "நீ சேர்த்த உறுப்புகள் யாவும் முன்னரே இருந்தவை, அவற்றைச் சேர்க்கலாம் என்பது எவர்க்கும் தோன்றக்கூடியதுதானே?" என்பதே அது.

அமெரிக்காவில் 1851ஆம் ஆண்டு இவ்வினா ஒரு கதவுக் குமிழைப் பற்றி எழுந்தது. மரத்தாலும் உலோகத்தாலும் செய்துவந்த குமிழைச் சிலர் களிமண்ணால் செய்து பழைய தண்டிலேயே பொருத்தினர். தேர்ந்த தொழிலாளி எவனும் செய்யக்கூடியதே இது என்று உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. துறையில் சாதாரணத் திறமையுடைய ஒருவனுக்கு அது வெளிப்படையாகத் தோன்றுமா என்னும் அளவுகோல் 1952இல் அந்நாட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது.

குமிழில் எளிதாயிருந்த தீர்ப்பு, குறைகடத்திகளில் அத்துணை எளிதன்று. டிரான்ஸிஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 1947 டிசம்பர் 16ஆம் நாள், பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன் என்னும் இருவர் ஒரு ஜெர்மேனியத் துண்டின்மேல் இரு பொன்முனைகளை மிக நெருக்கமாக ஊன்றி, மின்குறியைப் பெருக்கிக் காட்டினர். இதில் புதியது யாது? படிகத்தின்மேல் உலோகமுனையை ஊன்றுவது புதிதன்று. நம் ஜகதீச சந்திர போஸ் அத்தகைய கருவிக்கு 1904இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். தூய ஜெர்மேனியமும் புதிதன்று. போர்க்கால ராடார் ஆராய்ச்சி அதனைத் தந்திருந்தது. மின்புலத்தால் திண்மப் பொருளின் மின்னோட்டத்தை ஆளலாம் என்னும் கருத்துக்கு லிலியன்ஃபெல்ட் என்பவர் 1930இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அந்தப் பழைய ஏட்டைக் கண்டே, ஷாக்லியின் மின்புல எண்ணத்திற்கு உரிமை கோருவதைப் பெல் நிறுவனத்து வழக்கறிஞர்கள் கைவிட்டனர். ஷாக்லிக்கு அது பெருங்கசப்பாயிற்று.

அங்ஙனமாயின், பொன்முனைக் கருவி மட்டும் எவ்வாறு புதுமையாகும்? விடையைப் பார்த்தபின் எந்தக் கணக்கும் எளிதாகவே தோன்றும். பள்ளிப் பிள்ளைகளிடம் நாம் நாள்தோறும் காண்பது இது. நீதிபதிக்கும் அதே ஆபத்து உண்டு. அவர் விடையை மறைத்துவிட்டு, 1947 நவம்பரில் போய் நின்று பார்த்தல் வேண்டும். ஷாக்லி கருதிய மின்புலச் சோதனை தோற்றிருந்தது. ஜெர்மேனியத்தின் மேற்பரப்பில் சிக்கிய எலெக்ட்ரான்கள் புலத்தைத் தடுக்கின்றன என்று பார்டீன் 1946இல் காரணம் கண்டிருந்தார். அத்தடையைக் கடக்கவே இருவரும் முயன்றனர். சோதனையொன்றில் மேலிருந்த ஆக்ஸைடு படலம் தற்செயலாகக் கழுவப்பட்டுப் போயிற்று. பொன் நேரே ஜெர்மேனியத்தைத் தொட்டது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவு தோன்றியது. பொன்முனையிலிருந்து 'துளைகள்' எனப்படும் நேர்மின்னூட்டங்கள் உள்ளே பாய்ந்திருந்தன! பழைய ஏடுகள் ஒரு வழியைக் காட்ட, இயற்கை மற்றொரு வழியைத் திறந்தது. உறுப்புகள் பழையவைதாம், அவை கூடினால் இது நிகழும் என்று சொல்லும் ஏடு அன்று இல்லை. 1950இல் அவர்களுக்குக் கிடைத்த காப்புரிமை தகுதியானது என்றே நான் கருதுகிறேன்.

மறுப்பதற்கும் இடமுண்டு. 1948இல் பாரிஸ் நகரில் மட்டாரே, வெல்கர் என்னும் இருவர் ஏறத்தாழ அதே கருவியைத் தாமே ஆக்கினர். இரு குழுவினர் தனித்தனியே கண்டது எவர்க்கும் எளிதன்றோ எனலாம். ஆனால் அவ்விருவரும் ராடார் ஆராய்ச்சியில் ஊறிய பேரறிஞர்கள். சட்டம் குறிப்பதோ சாதாரணத் திறமையாளனை.

தீர்ப்பு எப்பக்கம் சாய்கிறது என்பதில் பெரும்பொருள் அடங்கியிருந்தது. 1952இல் டிரான்ஸிஸ்டர் செய்ய விரும்பிய நிறுவனங்கள் பெல் கூட்டத்தாருக்கு 25,000 டாலர் முன்பணம் கட்டவேண்டியிருந்தது. 1956இல் அரசு தொடுத்த வழக்கு உடன்பாட்டில் முடிந்தபோது, அவர்களுடைய பழைய காப்புரிமைகள் பெரும்பாலும் கட்டணமின்றியே பிறர்க்குத் திறந்துவிடப்பட்டன.