பிரிந்த பெற்றோரும் குழந்தைப் பொறுப்பு ஆணைகளும் (இந்தியா)

பெற்றோர் பிரியும்போது குழந்தை யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பது, படிப்புச் செலவை யார் ஏற்பது என்று நீதிமன்றம் வகுத்துத் தரும் ஏற்பாடு. குடும்ப நீதிமன்ற வட்டாரத்தில் இதற்குப் பெயர் ‘கஸ்டடி’. இந்தியாவில் இதன் வரலாறு பெரும்பாலும் தந்தையின் தனியுரிமை தேய்ந்த வரலாறு.

வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள் என்பது பழைய சட்டம். கணவரைப் பிரிந்ததால் மூன்று மகன்களையும் பார்க்க முடியாமல்போன எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் விடாது போராடியதில், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாய் கேட்டு மனுச் செய்ய 1839-இல் வழி பிறந்தது. ஆயினும் ஆங்கிலேயர் இந்தியாவுக்காக இயற்றிய 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம், குழந்தையின் நலனைப் பேசிக்கொண்டே, தகுதியுள்ள தந்தை இருக்கையில் வேறொருவரைக் காப்பாளராக நியமிக்கக் கூடாதென 19-ஆம் பிரிவில் தடை போட்டது. அப்பிரிவில் தாயும் இடம்பெற 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் இரு மனதாக எழுதப்பட்டது எனலாம். தந்தை, அவருக்குப் பின் தாய் என்று 6-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கட்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 13-ஆம் பிரிவோ குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடிருந்தாலும் பொறுப்பேற்காத நிலையில் தாய் காப்பாளராகலாம் என்று விளக்கியது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்று 1973-லேயே அந்நீதிமன்றம் கண்டித்திருந்தது.

1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களே இன்று பெரும்பாலான நகரங்களில் இவ்வழக்குகளை விசாரிக்கின்றன. இவ்வாணை எதுவும் முடிந்த முடிவன்று. சூழ்நிலை மாறினால் திருத்தக் கோரலாம். நடைமுறையில் இறுதித் தீர்ப்பைவிட இடைக்கால ஆணைக்கே கனம் அதிகம். வழக்கு இழுக்க இழுக்கக் குழந்தை ஒரு வீட்டில், ஒரு பள்ளியில் வேரூன்றிவிடும். பிறகு அதை இடம்பெயர்க்க நீதிபதிகள் தயங்குவார்கள். மற்றவருக்கு வார இறுதியில் சில மணி நேரமும் கோடை விடுமுறையில் ஒரு பகுதியும் மிஞ்சும். நேரில் வர முடியாதவர் நாள்தோறும் காணொளியில் சில நிமிடம் பேச இடமளிக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

இருவரும் பொறுப்பைப் பகிரும் கூட்டுக் கஸ்டடியைச் சட்டத்திலேயே சேர்க்கச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. வெளிநாட்டில் வாழும் தம்பதியருக்குச் சிக்கல் இன்னும் பெரிது: எல்லை கடந்து கொண்டுசெல்லப்படும் குழந்தைகள் பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அந்நிய நீதிமன்றத்தின் ஆணை இங்கே கட்டுப்படுத்தாது. குழந்தையின் நலனை ஆராயும்போது கருதப்படும் காரணிகளுள் ஒன்று மட்டுமே.