கடற்கரையை எட்டாத சுற்றுநிருபம்

ஊழியன் செய்த தீங்குக்கு எசமான் பொறுப்பாவானா? நேயர்களே, இது சட்டத்திலே மிகப் பழைய கேள்வி. எசமானின் வேலையைச் செய்யுங்கால் ஊழியன் இழைத்த தவறு எசமானையே சாரும் என ஆங்கிலப் பொதுச் சட்டம் நெடுங்காலமாகக் கூறிவந்தது. வண்டியோட்டி வழிப்போக்கர்மீது மோதினால், அவனை அமர்த்தியவர் ஈடு செய்தல் வேண்டும். ஆயின், மேலதிகாரி ஒருவன் தன்கீழ்ப் பணிபுரியும் பெண்ணிடம் முறைகேடாக நடந்தால்? அஃது அவனுடைய சொந்த இழிசெயல் என்று நிறுவனங்கள் கைகழுவப் பார்த்தன.

ஐக்கிய அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டம், தொழிலிலே ஆண் பெண் வேற்றுமை பாராட்டுதலைத் தடைசெய்தது. பாலியல் தொல்லையும் அவ்வேற்றுமையின்பாற்படும் என 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. எனினும், நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு என்பதை அது முற்றாக வரையறுக்கவில்லை. அதற்குக் காரணமாய் அமைந்தவற்றுள் ஒன்று கடற்கரை வழக்கொன்று.

புளோரிடா மாநிலத்துப் போகா ராட்டன் நகரிலே, 1985 முதல் 1990 வரை, கல்லூரி மாணவி ஒருவர் கடற்கரை உயிர்காப்பாளராகப் பகுதிநேர வேலை பார்த்தார். 40 முதல் 50 வரையான காப்பாளருள் பெண்கள் நால்வர் முதல் அறுவரே. மேற்பார்வையாளர் இருவர் அவர்களைத் தகாதவாறு தொட்டும் இழிசொல் பேசியும் வந்தனர். இத்தகைய நடத்தையைக் கண்டிக்கும் சுற்றுநிருபத்தை நகராட்சி 1986இலேயே வெளியிட்டிருந்தது. ஆனால், அது கடற்கரைப் பிரிவை எட்டவேயில்லை. அந்த மேற்பார்வையாளரும் அதனை அறிந்திலர்.

1992இல் அப்பெண் வழக்குத் தொடர்ந்தார். விசாரணை மன்றம் நகராட்சியைப் பொறுப்பாளியாகக் கண்டு, பெயரளவில் 1 டொலர் ஈடு விதித்தது. மேன்முறையீட்டு மன்றம் நகராட்சியின் பொறுப்பையே நீக்கிற்று. 1998 யூன் 26ஆந் திகதி உச்ச நீதிமன்றம், எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, நகராட்சியே பொறுப்பென முடிவு செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் டேவிட் சூட்டர்.

அன்று வகுத்த விதி இது: மேலதிகாரியின் தொல்லை பணிநீக்கம், பதவியிறக்கம் போன்றவற்றில் முடிந்தால் நிறுவனம் தப்ப இயலாது. அவ்வாறு முடியாவிடின், இரண்டினை நிறுவித் தப்பலாம். தொல்லையைத் தடுக்கவும் திருத்தவும் தான் தக்க கவனம் எடுத்தமை ஒன்று. முறையிட வழியிருந்தும் ஊழியர் நியாயமின்றி அதனைப் பயன்படுத்தாமை மற்றொன்று. போகா ராட்டன் நகரோ முதலாவதிலேயே தவறியது. ஒருவர் கையில் அதிகாரத்தைக் கொடுப்பவர், அதனைக் கண்காணிக்கும் கடனையும் உடன் ஏற்கிறார் என்பதே இதன் கருத்து.

பாடசாலை அதிபராகிய எனக்கும் சுற்றுநிருபங்கள் வருவதுண்டு. கோவையிலே இட்டதும் கடமை முடிந்ததென எண்ணத் தோன்றும்போதெல்லாம், அக்கடற்கரை நினைவுக்கு வருகிறது.