குருளைகளின் முதல் எட்டு வாரம்

பெட்டை நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57ஆம் நாளிலும் ஈனலாம்; 72 நாள் வரை தள்ளியும் போகலாம். ஈன்ற குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இயலாது. தாய் நக்கிவிடாவிட்டால் சிறுநீர்கூடப் பிரியாது. பத்து முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும், மூன்றாம் வாரத்தில் காது கேட்கத் தொடங்கும். இந்தச் சில வாரங்களை மனிதர்கள் கவனித்து எழுதிவைக்கத் தொடங்கி 2,400 ஆண்டுகள் ஆகின்றன. எழுதியவற்றில் இன்றைய ஆய்வு வியக்கும் உண்மைகளும் இருக்கின்றன, எண்ணற்ற குட்டிகளின் உயிரை வாங்கிய நம்பிக்கைகளும் இருக்கின்றன.

எழுத்துக்கு முந்திய சான்று மண்ணுக்குள் கிடைத்தது. 1914இல் ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காசெலில், கல்லுடைக்கும் இடத்தில் ஓர் ஆணும் பெண்ணும் புதைக்கப்பட்ட குழி வெளிப்பட்டது. காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுக்கு முன். அவர்களோடு கிடந்த எலும்புகளில் ஏழு மாதம் நிறையாத ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு மனதைத் தொடுவது. ஐந்து மாதம் ஆகும் முன்பே டிஸ்டெம்பர் என்ற கொடிய தொற்றுநோய் கண்ட அந்தக் குட்டி, நோய் தணிந்தும் திரும்பியும் வாட்ட, பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறது. அந்த நிலையில் ஒரு குட்டி தானாகப் பிழைக்காது. யாரோ தண்ணீர் கொடுத்து, துடைத்து, குளிரில் அணைத்து வைத்திருக்க வேண்டும். வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத குட்டி அது. வட இஸ்ரேலின் ஐன் மல்லாஹாவில் சுமார் 12,000 ஆண்டுப் பழமையான இன்னொரு புதைகுழியில், முதியவர் ஒருவரின் கை நான்கைந்து மாதக் குட்டி ஒன்றின் மேல் படிந்திருந்தது.

சினையையும் குட்டி வளர்ப்பையும் விரிவாகப் பேசும் பழைய நூல்களில் முதன்மையானது கிரேக்கரான செனபோனின் பெயரில் வழங்கும் வேட்டை நூல், கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முயல் வேட்டைக்குப் பழகிய நாய்களை வைத்திருந்தவரின் கண் அதில் தெரிகிறது. குளிர்காலத்தில் பெட்டைக்கு வேலையிலிருந்து ஓய்வு தந்து இணை சேர்க்க வேண்டும், அப்போதுதான் குட்டிகள் வசந்தத்தில் பிறக்கும், வளர்வதற்கு அதுவே நல்ல பருவம் என்கிறது நூல். பெட்டையின் பருவம் பதினான்கு நாள் நீடிக்கும், அது தணியத் தொடங்கும் வேளையில் ஆணிடம் விட்டால் விரைவில் சினை பிடிக்கும் என்றும் சொல்கிறது. இந்த ஒரு குறிப்பின் அருமை இருபதாம் நூற்றாண்டில்தான் முழுதாக விளங்கியது. நாயின் கருமுட்டை முதிராமலேயே வெளிப்படுகிறது. முதிர்ந்து கருத்தரிக்கத் தகுதியாக இரண்டு மூன்று நாள் எடுக்கிறது. ஆகவே பருவத்தின் பிற்பகுதியே ஏற்ற காலம்.

சினையான நாயை ஓயாமல் வேட்டைக்குக் கூட்டிப் போகக் கூடாது, ஓடும் ஆசையில் கருவை இழந்துவிடும் என்று அந்நூல் எச்சரிக்கிறது. ஈன்ற குட்டிகளை வேறொரு பெட்டையிடம் பாலூட்ட விடக் கூடாது. பெற்ற தாயின் பாலும் மூச்சும் குட்டிக்கு நன்மை தருபவை, அதன் அணைப்பு இனியது என்கிறது. வேட்டைக்கான கைநூல் ஒன்றில் தாயின் அணைப்புக்கு இடம் கிடைத்தது சிறிய செய்தியல்ல. குட்டிகளுக்குக் கூப்பிட எளிதான சிறு பெயர் வைக்கச் சொல்லி நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களையும் அது தருகிறது. பெட்டைக்குட்டிகள் எட்டு மாதத்திலும் ஆண்குட்டிகள் பத்து மாதத்திலும் வேட்டைப் பழக்கத்துக்குப் போயின.

அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அரிஸ்டாட்டில் நாள் கணக்கில் இறங்கினார். லக்கோனிய வேட்டைநாய் ஆண்டின் ஆறில் ஒரு பங்கு, அதாவது 60 நாள் சுமக்கிறது. அதன் குட்டிகளுக்குப் பன்னிரண்டு நாள் கண் தெரியாது. வேறு சில நாய்கள் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 72 நாள். குட்டிகளுக்குப் பதினான்கு நாள். இன்னும் சில முழு மூன்று மாதம். குட்டிகளுக்குப் பதினேழு நாள். ஒரு ஈற்றில் பெரும்பாலும் ஐந்தாறு குட்டி, மிஞ்சினால் பன்னிரண்டு. மூன்றாவது கணக்குத் தவறு. முதல் இரண்டோ இன்றைய கால்நடை மருத்துவர் சொல்லும் வரம்புக்குள்ளேயே விழுகின்றன. அரிஸ்டாட்டில் அந்த வேறுபாட்டுக்கு இனத்தைக் காரணமாக்கினார். உண்மைக் காரணம் வேறு: ஆணின் விந்து பெட்டையின் உடலில் ஒரு வாரம்வரை உயிரோடு இருக்கக்கூடியது, முட்டையும் முதிரக் காத்திருக்கிறது. ஆகவே இணை சேர்ந்த நாளும் கருத்தரித்த நாளும் ஒன்றாக இருப்பதில்லை. முட்டை வெளிப்படும் நாளை ரத்தத்திலுள்ள புரோஜெஸ்டிரோன் அளவால் கண்டறியும் முறை வந்தபின் ஈனும் நாளை ஓரிரு நாள் பிசகில் சொல்ல முடிகிறது. அதற்கு முன் வளர்த்தவர்கள் நம்பியது, மடியில் பால் இறங்குவதையும் நாய் மண்ணைப் பறித்து இடம் தேடுவதையும்தான்.

ரோமானியர்கள் பண்ணைக்காரர்கள். அவர்களுடைய நாய் ஆட்டுமந்தையையும் வீட்டையும் காத்தது. ஆகவே குட்டி வளர்ப்பு வேளாண் நூல்களில் இடம்பெற்றது. கி.மு. 37இல் வாரோ எழுதிய நூல், பால் கொடுக்கும் நாய்க்குக் கோதுமை ரொட்டியைவிட வாற்கோதுமை ரொட்டி நல்லது என்கிறது. குட்டிகளுக்கு அடியில் பதர் பரப்பிவைக்க வேண்டும், முதல் இரண்டு மாதம் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, பின்னர் மெல்ல மெல்லப் பால் மறக்கடிக்க வேண்டும். இவையெல்லாம் நல்ல அறிவுரைகள். ஆனால் குட்டிகள் அதிகம் பிறந்தால் வேண்டியவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடச் சொல்வதும் அதே நூல்தான். மிச்சக் குட்டிகளுக்குப் பால் நிறையக் கிடைக்கும் என்பது அதற்குக் காரணம். ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய கொலுமெல்லா, தாய்க்குப் பால் வற்றினால் நான்கு மாதம்வரை ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னார். குட்டி பிறந்த நாற்பதாம் நாள் வால் நுனியைப் பல்லால் கடித்து எடுத்தால் வெறி பிடிக்காது என்ற இடையர்களின் நம்பிக்கையும் அவர் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. வெறிநோய்க்கும் வாலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் வால் வெட்டும் பழக்கம் அந்த நம்பிக்கையைத் தாண்டி இன்றுவரை நீடித்தது.

எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது? கழிக்கும் பழக்கம் இருந்த இடத்தில் இந்தக் கேள்விதான் குட்டியின் உயிரை முடிவுசெய்தது. கடைசியாகக் கண் திறக்கும் குட்டி, அல்லது தாய் முதலில் தூக்கிக்கொண்டு படுக்கைக்குப் போகும் குட்டியே சிறந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் நெமேசியன் இதைச் சோதனையாகவே ஆக்கினார்: குட்டிகளைச் சுற்றித் தீ வளையம் மூட்டினால், பதறும் தாய் தன் குட்டிகளை மேன்மை வரிசைப்படி மீட்டெடுக்கும் என்றார். தாயின் அச்சத்தை அளவுகோலாக்கிய கொடுமை அது. அதிலிருந்து குட்டியின் தரம் எதுவும் வெளிப்பட்டிருக்க வழியில்லை.

தமிழில் குட்டிக்கென்று தனிச்சொல்லே மரபாகியிருந்தது. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப் பெயர் குருளை என்று தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. குட்டி, பறழ் என்று சொல்வதையும் அது விலக்கவில்லை.

ஐரோப்பிய இடைக்காலத்தில் நாய் வளர்ப்பு பிரபுக்களின் வேட்டைக் கூடங்களுக்குள் போனது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நரி வேட்டைக் கூட்டங்களில் ஒரு பழக்கம் வேரூன்றியது. பால் மறந்த குட்டிகளைக் கூடத்தில் அடைத்துவைக்காமல், சுற்றுவட்டப் பண்ணைவீடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள். கோழி, மாடு, குழந்தைகள், வண்டிச் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே குட்டி வளர்ந்து, அடுத்த ஆண்டு கூடத்துக்குத் திரும்பும். நன்றாக வளர்த்த பண்ணைக்காரருக்குப் பரிசும் உண்டு. கூடத்தில் நெருக்கியடித்தால் நோய் பரவும், வீட்டில் வளர்ந்தால் கோழியைத் துரத்தாது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். இன்னும் பெரிய காரணம் ஒன்று அடியில் இருந்தது என்பது இருநூறு ஆண்டு கழித்தே தெரிந்தது.

அவர்கள் அஞ்சிய நோய் டிஸ்டெம்பர். ஓபர்காசெல் குட்டியை வாட்டிய அதே நோய், ஒரு ஈற்று முழுவதையும் சில நாளில் அழிக்க வல்லது. பெரியம்மைத் தடுப்பூசியைத் தந்த எட்வர்ட் ஜென்னர் 1809இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 1905இல் பிரெஞ்சு கால்நடை மருத்துவர் காரே இது வைரஸால் வருவது என்று காட்டினார். 1920களில் ‘தி ஃபீல்ட்’ என்ற ஆங்கில வேட்டை இதழ் வாசகர்களிடம் நிதி திரட்ட, ஆய்வாளர்கள் லெய்ட்லாவும் டன்கினும் லண்டனின் மில் ஹில் ஆய்வுப் பண்ணையில் வேலை தொடங்கினார்கள். கீரி போன்ற உருவமுள்ள ஃபெரெட் இந்த நோய்க்கு எளிதில் ஆட்படும் என்று கண்டு, அதைக் கொண்டே வைரஸை ஆராய்ந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தடுப்பூசியை உருவாக்கினார்கள். மனிதரின் இன்ஃபுளுவென்சா வைரஸ் 1933இல் பிரித்தெடுக்கப்பட்டதும் இதே ஃபெரெட் அனுபவத்தால்தான். ஒரு நாய்நோய்க்குப் போட்ட உழைப்பு மனித மருத்துவத்துக்கும் பயன்பட்டது.

தடுப்பூசியோடு இன்னொரு புதிரும் வந்தது. சீம்பாலில் தாய் தரும் எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கிறது; அதுவே ஊசி மருந்தையும் செயலற்றதாக்குகிறது. அந்தச் சக்தி தேயும் வாரம் குட்டிக்குக் குட்டி மாறுவதால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். சீம்பால் குடிக்காத குட்டிக்கு அந்த முதல் காப்பே இல்லை.

நோயிலிருந்து பிழைத்த குட்டி எப்படிப்பட்ட நாயாகும் என்ற கேள்விக்கு விடை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கிடைத்தது. பார் ஹார்பர் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் 1940களின் நடுவிலிருந்து பதின்மூன்று ஆண்டு, ஐந்து இன நாய்களைப் பிறப்பு முதல் கவனித்தார்கள். பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பேனியல், ஷெட்லாண்ட் ஷீப்டாக், கம்பிமுடி ஃபாக்ஸ் டெரியர் என்பவை அவை. அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் 1961இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. உயர்ந்த வேலிக்குள் தாயோடு வளர்ந்த குட்டிகள் மனிதரைக் காணவே இல்லை. சிலவற்றை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலும் ஒரே ஒரு வாரம் வெளியே எடுத்து மனிதரோடு பழகவிட்டார்கள். பதினான்கு வாரம்வரை யாரோடும் பழகாத குட்டிகள் காட்டு விலங்குபோல மிரண்டன; பின்னர் எவ்வளவு முயன்றும் அந்த அச்சம் முழுதாக அகலவில்லை. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம்வரை ஒரு வாசல் திறந்திருக்கிறது, பிறகு அது மெல்ல அடைபடுகிறது என்பது அதிலிருந்து தெளிவானது. அந்த அறிவுக்கு வேலிக்குள்ளிருந்த குட்டிகள் கொடுத்த விலை பெரிது.

கலிஃபோர்னியாவின் சான் ரஃபேலில், பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய் தரும் நிறுவனத்தில் கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர், ஸ்காட் குழு கண்டவற்றை அந்தச் சோதனை வெளியாகும் முன்பே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1946இல் அங்கே பயிற்சிக்கு எடுத்த நாய்களில் வெறும் 9 விழுக்காடே தேறின. தாய் தந்தையைத் தேர்ந்து இணை சேர்த்தது, எட்டாம் வாரம் முதல் குட்டிகளைச் சோதித்தது, பன்னிரண்டாம் வாரத்தில் வீடுகளுக்கு அனுப்பியது எல்லாம் சேர்ந்து, 1950களின் முடிவில் அந்த அளவை 90 விழுக்காடாக உயர்த்தின. 1959இல் அவரும் ஸ்காட்டும் ஒரு கணக்கைச் சொன்னார்கள். சோதனை முடிந்த ஒரு வாரத்துக்குள் வீடு போன குட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு வழிகாட்டியாயின. மூன்று வாரத்துக்கு மேல் பட்டியிலேயே தங்கியவற்றில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான். சில வாரத் தனிமையே முக்கிய வேறுபாடு. நரி வேட்டைக்காரர்களின் பண்ணைவீட்டுப் பழக்கத்துக்கு அடியில் இருந்த காரணம் இதுவே. பிரிட்டனின் வழிகாட்டி நாய்ச் சங்கம் 1956இல் இதே முறையைத் தொடங்கியபோது, வேட்டைக்காரர்கள் வழங்கிவந்த பெயரையே அதற்கும் வைத்தது.

இந்த அறிவு வளர்ந்த அதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு போக்கு நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றி, இனங்களுக்கு வம்சாவளிப் பதிவேடும் உருவ இலக்கணமும் வந்தபின், தோற்றத்துக்காகவே இணை சேர்ப்பது பெருகியது. புல்டாகுக்குப் பெரிய தலையும் ஒடுங்கிய இடுப்பும் விரும்பப்பட்டன. தலை பெருத்த குட்டி அந்த இடுப்பின் வழியே வெளிவர முடியவில்லை. 2010இல் பிரிட்டனில் வெளியான ஆய்வின்படி புல்டாக், ஃபிரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர் இனங்களில் ஐந்தில் நான்கு ஈற்றுக்கும் மேல் அறுவைசிகிச்சையால் நடந்தது.

விற்பனைக்காகக் குட்டி ஈனவைக்கும் பண்ணைகளைச் சட்டம் மிகத் தாமதமாகவே தொட்டது. இந்திய அரசு 2017இல் பிறப்பித்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கத் தடை விதிக்கின்றன. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதையும் தடுக்கின்றன. வாரோ சொன்ன இரண்டு மாதமே இந்த எட்டு வாரம். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. வாங்குபவர் வளர்ப்பவரிடமே நேரில் போய், பிறந்த இடத்தில் தாயோடு குட்டியைப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் லூசி என்ற கவலியர் இனப் பெட்டையின் பெயரால் வழங்குகிறது. வேல்ஸ் பண்ணை ஒன்றின் கூண்டில் ஓயாமல் ஈனவைக்கப்பட்டு, இடுப்பும் முதுகும் கெட்டுப்போன நிலையில் 2013இல் அது மீட்கப்பட்டது. 2016இல் இறந்தது.