கல் ஓரிடம், கல்லறை ஓரிடம்

போன வாரம் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போயிருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கு. உள்ளே ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம். டச்சு எழுத்து செதுக்கிய பலகைக் கற்கள். பார்த்ததும் நமக்கு என்ன தோணும்? கல்லுக்கு அடியிலதான் ஆள் இருக்கார்னு.

எல்லா இடத்துலயும் அப்படி நம்பிட முடியாது. சென்னைக் கோட்டைக்குள்ள, 1680ல அர்ச்சிக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். ஆனா அந்தப் பேருக்கு உரியவங்க அங்கே இல்லை. அவங்களைப் புதைச்சது பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கிற இடத்துல. 1758-59 முற்றுகையில பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால மறைஞ்சுக்கிட்டது. பிறகு ஆங்கிலேயர் அவற்றை இடிச்சு, கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதிச்சாங்க.

அதனாலதான் தேவாலய அகழாய்வுல, கல்லைத் தூக்குறதுக்கு முன்னாடி தரையைப் பதிவு பண்ணணும். சுண்ணாம்புத் தரையை வெட்டிக்கிட்டு குழி இறங்கியிருந்தா, குழி பிந்தியது. தரை உடையாம குழிமேல ஓடினா, தரை பிந்தியது. கல்லில் இருக்கிற வருஷம் இதைச் சொல்லாது. பதியாம தூக்கிட்டா, திரும்பப் பார்க்க வழியே இல்லை.

சதுரங்கப்பட்டினம் போனா, பேரை வாசிச்சதோட நிக்காதீங்க. கல் பதிஞ்சிருக்கிற தரையையும் கொஞ்சம் பாருங்க.