பழைய உடலும் புதிய விசையும்

ஒரு பொருளின் உறுப்புகள் எல்லாம் ஒரே நாளில் மூப்பதில்லை. வண்டியின் அச்சு உறுதியாக இருக்கும்போதே அதை இழுக்கும் மாடு கிழடாகிவிடும். இரும்புச் சட்டம் அசையாமல் நிற்கும்போதே அதன் எஞ்சின் தேய்ந்துவிடும். அப்போது எதை எறிவது, எதை வைத்துக்கொள்வது என்னும் கேள்வி எழுகிறது. உடலை வைத்துக்கொண்டு விசையை மட்டும் மாற்றியவர்களின் வரலாறு நெடியது. அவ்வரலாற்றின் சில ஏடுகள் சிங்கப்பூரில், தேக்காவை ஒட்டிய ரோச்சோர் கால்வாய்ப் பகுதியில் காணக் கிடக்கின்றன.

தோட்டத்து டிராக்டர்

மேல்நாடுகளில் இக்கலை இன்று ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. பழைய தோட்டத்து டிராக்டர்களை வாங்கிப் புது எஞ்சின் பொருத்துவோர் அங்கே பலர். அச்சிறு இயந்திரங்களின் பிறப்பே ஒரு விசை மாற்றத்தில்தான் தொடங்குகிறது எனலாம். ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்பார் 1912ஆம் ஆண்டில், தம் தந்தையாரின் பண்ணையில் இருந்த நீராவி டிராக்டரின் சுழல் விசையைக் கொண்டு மண்ணைக் கிளறிப் பார்த்தார். 1920இல் எண்ணெய் எஞ்சினால் இயங்கும் சுழல் கொத்துக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961இல் ஏழு குதிரைத்திறன் கொண்ட 'கப் கேடட்' வண்டியை வெளியிட்டது. ஜான் டீர் நிறுவனத்தின் '110' என்னும் வண்டி 1963இல் வந்தது.

இவற்றின் பற்சக்கரப் பெட்டிகள் கனத்த இரும்பால் ஆனவை. ஒரு தலைமுறை கடந்தும் உழைப்பவை. எஞ்சினோ முன்னதாகவே தேய்ந்து போகிறது. ஆகவே அதை மட்டும் மாற்றுகின்றனர்.

மாற்றுவது எளிதன்று. கிராங்க் தண்டு படுக்கையாக அமைந்ததா, செங்குத்தாக அமைந்ததா என்று முதலில் காண வேண்டும். தண்டின் பருமன், சுழலும் திசை, தரையிலிருந்து அதன் உயரம் ஆகிய மூன்றும் பழையதனோடு பொருந்த வேண்டும். ஒன்று தவறினாலும் பெல்ட் கோணிக்கொள்ளும். அல்லது வண்டி முன்னே செல்வதற்குப் பதில் பின்னே செல்லும். பழைய எஞ்சினை வாங்குவோர் அதைக் கையால் சுழற்றிப் பார்ப்பர். அது எதிர்த்து நின்றால் பிஸ்டன் வளையங்களும் வால்வுகளும் நல்ல நிலையில் உள்ளன என்று கொள்வர். தடையின்றிச் சுற்றினால் உள்ளே காற்றுக் கசிகிறது. எண்ணெய் வெண்மையாகக் கலங்கியிருந்தால் நீர் புகுந்திருக்கிறது. இவ்வறிவு ஏட்டில் மட்டும் வருவதன்று. கையால் தொட்டுப் பழகி வருவது.

சிங்கப்பூரில் அத்தகைய டிராக்டர்களுக்கு வேலை குறைவு. இத்தீவின் நிலத்தில் நூற்றில் ஒரு பங்களவே இன்று வேளாண்மைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. ஆயினும் உடலை வைத்து விசையை மாற்றும் கலை இந்நகருக்குப் புதிதன்று.

மாடே முதல் எஞ்சின்

19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதி கால்நடை வாணிகத்தின் நடுவிடமாக விளங்கியது. ரோச்சோர் ஆற்றின் நீரும் அருகிலிருந்த புல்வெளியும் அதற்குத் துணை செய்தன. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கால்நடை வணிகர் பெயர் தாங்கிய பெலிலியோஸ் ரோடு என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன. 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள்.

அம்மாடுகள் பாலுக்கும் இறைச்சிக்கும் மட்டும் விற்கப்படவில்லை. வண்டி இழுத்தவை அவை. கோதுமை அரைக்கவும் எண்ணெய் ஆட்டவும் விசை தந்தவை அவை. இக்காலத்தார் எஞ்சின் வாங்கச் செல்வது போல அக்காலத்தார் மாடு வாங்கத் தேக்காவுக்குச் சென்றனர். மாடு தளர்ந்தபோது வண்டியை எறியவில்லை. வேறு மாட்டைப் பூட்டினர். விசை மாற்றத்தின் முதற்பாடம் இதுவே.

1880இல் ஷாங்காயிலிருந்து ரிக்‌ஷாக்கள் வந்தன. இங்கே மாட்டின் இடத்தில் மனிதனே பூட்டப்பட்டான். 1947இல் அவை ஒழிக்கப்பட்டபோது டிரைஷா அவ்விடத்தைப் பிடித்தது. பக்கத்தில் இருக்கை பூட்டிய மிதிவண்டி அது. ஓடி இழுத்தவன் உட்கார்ந்து மிதிப்பவன் ஆனான்.

கரியில் ஓடிய வண்டிகள்

பற்றாக்குறை வந்தபோது இக்கலை பொழுதுபோக்காக இல்லாமல் பிழைப்பாகவே மாறியது. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆட்சியில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. பஸ்களிலும் லாரிகளிலும் அடுப்புப் போன்ற ஒரு கலம் பொருத்தப்பட்டது. அதில் கரியைக் குறைந்த காற்றில் எரிப்பர். எழும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்துவர். விசை குறைந்தது, மேட்டில் வண்டி திணறியது. ஆனால் ஓடியது. எறியப்பட வேண்டிய வண்டிகளுக்கு உயிர் கொடுத்தது பட்டறைக்காரரின் கைத்திறனே.

சுங்கை ரோடு சந்தை

கால்வாயை ஒட்டிய சுங்கை ரோட்டில் 1930களில் ஒரு பழம்பொருட் சந்தை தோன்றியது. அதைத் திருடர் சந்தை என்றும் அழைத்தனர். 'ராபின்சன் பெத்தாங்', அதாவது மாலைநேர ராபின்சன், என்னும் வேடிக்கைப் பெயரும் அதற்கு உண்டு. ராபின்சன் என்பது செல்வர் சென்றுவந்த பெருங்கடை. இதுவோ ஏழைகளின் ராபின்சன். போருக்குப் பின் பிரிட்டிஷ் படையினரின் உடைகளும் காலணிகளும் பிற பொருள்களும் இங்கே குவிந்தன. பிற்காலத்தில் கைக்கருவிகள், கடிகாரங்கள், வானொலிகள், மின்விசிறிகள், உதிரி உறுப்புகள் முதலியன தரையில் விரித்த துணியின்மேல் கிடந்தன.

சென்னையில் பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, சிங்கப்பூரில் பழைய கருவிகளுக்குச் சுங்கை ரோடு அப்படி. விலை குறைவு, ஆகவே வாங்கிப் பிரித்துப் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை. கெட்டுப்போனால் சில வெள்ளிதான் நட்டம். பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய பொருளை எந்த இளைஞன் துணிந்து பிரிப்பான்? மலிவான பழம்பொருளே ஏழையின் தொழிற்பள்ளி.

சட்டமும் நிலமும்

ஆனால் சிறு தீவில் பழையதற்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு முடிந்த காரைப் பெருந்தொகை செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் சாலையிலிருந்து அகற்ற வேண்டும். இன்னும் நெடுநாள் உழைக்கக்கூடிய வண்டியும் கணக்கில் முதுமை அடைந்துவிடுகிறது. சாலை நெரிசலைத் தடுக்க அம்முறை வேண்டியதே என்பர் ஒரு சாரார். அதில் உண்மை உண்டு. ஆயினும் எஞ்சினின் ஆயுளைத் தேய்மானம் அல்லாமல் நாட்காட்டி முடிவு செய்தால், அதைச் செப்பனிடும் கைக்கு வேலை குறைகிறது.

2011இல் ரயில் நிலையப் பணிக்காகச் சுங்கை ரோடு சந்தையின் பரப்புப் பாதியாகக் குறைக்கப்பட்டது. 2017 ஜூலை 10ஆம் நாளோடு சந்தை மூடப்பட்டது. வணிகர் சிலர் உணவங்காடிகளின் பூட்டுக் கடைகளுக்குச் சென்றனர்; சிலர் தொழிலையே விட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் ஜாலான் புசார் ரயில் நிலையம் திறக்கப்பட்டது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. பழைய இயந்திரத்துக்கு அம்மதிப்புத் தானே வந்துவிடாது. அதைப் பிரிக்கத் தெரிந்த கையும், உறுப்புக் கிடைக்கும் கடையும், பிழை செய்து கற்கத் தக்க மலிவும் அதற்கு வேண்டும். அருங்காட்சியகம் பழைய வண்டியின் உடலைக் காக்கும். அதை மீண்டும் ஓட வைக்கும் அறிவைக் காக்காது. அவ்வறிவு வாழ்வது சந்தையிலும் பட்டறையிலுமே. மாட்டுத் தொழுவம் மறைந்தது. ஊரார் எஞ்சினுக்கு மாறிக்கொண்டனர். பழம்பொருட் சந்தை மறைந்த இடத்தில் அக்கைத்திறனை இனி எங்கே கற்பது என்பதே இவ்வரலாறு எழுப்பும் கேள்வி.